எட்ருஸ்கப் பெண்களின் கல்லறைப் பொருட்களைப் படிக்கப் பழகுவோம்

ரோமின் வில்லா ஜூலியா, வத்திக்கானின் எட்ருஸ்க அருங்காட்சியகம், லண்டனின் பிரிட்டிஷ் மியூசியம். இவற்றில் எதன் இணையப் பக்கத்தைத் திறந்தாலும் எட்ருஸ்கர்களின் தங்க நகைகளும் முகம் பார்க்கும் வெண்கல ஆடிகளும் கண்ணைப் பறிக்கும். அடியில் ஒரு வரிக் குறிப்பு இருக்கும்: பெண்ணின் கல்லறை, கி.மு. 7ஆம் நூற்றாண்டு. அந்த ஒரு வரியை எதை வைத்து எழுதினார்கள் என்று கேட்கத் தோன்றுகிறவர்களுக்காக இந்தக் கட்டுரை. தொல்லியல் பட்டம் தேவையில்லை. கேள்விகளை வரிசை தப்பாமல் கேட்கத் தெரிந்தால் போதும். பொருளைப் பார்த்து "இது பெண்ணுடையது" என்று சொல்வது அந்த வரிசையில் கடைசியில் வரவேண்டியது. ஆனால் பலரும், அறிஞர்கள் உட்பட, அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

முதலில் கொஞ்சம் பின்னணி. எட்ருஸ்கர்கள் இத்தாலியின் நடுப்பகுதியில், ஆர்னோ ஆற்றுக்கும் டைபர் ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலத்தில் வாழ்ந்தவர்கள். வடக்கே பொலோன்யாப் பக்கமும் தெற்கே கம்பானியாவிலும்கூட அவர்களுக்கு ஊர்கள் இருந்தன. அவர்களுடைய இலக்கியம் நமக்கு வந்து சேரவில்லை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பொறிப்புகள் கிடைத்திருந்தாலும் அவற்றில் பெரும்பாலானவை பெயரையும் உறவுமுறையையும் தாண்டிப் பேசுவதில்லை. அவர்கள் வீட்டுப் பெண்களைப் பற்றி விரிவாக எழுதியவர்கள் கிரேக்கர்களும் ரோமர்களும்தான். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் தியோபொம்பஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர், எட்ருஸ்கப் பெண்கள் அடுத்தவர் கணவரோடு உட்கார்ந்து விருந்து உண்பார்கள், பிறந்த குழந்தைக்கு அப்பா யாரென்றே பார்க்காமல் வளர்ப்பார்கள் என்றெல்லாம் எழுதிவைத்தார். ஏதென்ஸில் மனைவி ஆண்களின் விருந்துக்கு வரும் வழக்கம் இல்லாததால், கணவனும் மனைவியும் ஒரே கட்டிலில் சாய்ந்து உண்ணும் ஊர் அவருக்கு விபரீதமாகத் தெரிந்திருக்க வேண்டும். இந்த ஊர்வம்பைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் நம்மிடம் மிஞ்சுவது கல்லறைகள்தான்.

படி 1: காலத்தையும் ஊரையும் குறித்துக்கொள்ளுங்கள்

"எட்ருஸ்கப் பெண்" என்று பொதுவாகப் பேசினால் ஏறக்குறைய 800 ஆண்டுகளை ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். தோராயமாக மூன்று கட்டங்களை மனதில் வைத்துக்கொண்டால் தொடங்குவதற்குப் போதும்.

கி.மு. 900 முதல் 720 வரை வில்லனோவ காலம். உடலை எரித்து, சாம்பலை இரட்டைக் கூம்பு வடிவ மண்கலத்தில் இட்டு, குழிக்குள் வைத்தார்கள். கலத்தின் வாயை ஒரு கிண்ணத்தால் மூடுவார்கள். சில ஆண்களின் கலத்துக்குத் தலைக்கவசம் மூடியாகும். பொருட்கள் குறைவு.

கி.மு. 720 முதல் 580 வரை கீழைத்தேயப் பாணிக் காலம். பினீசிய, கிரேக்க வணிகர்கள் வழியாகப் பொன், தந்தம், எகிப்தியச் சாமான்கள் கொட்டின. உச்சியில் இருந்த குடும்பங்கள் பெரிய மண்மேடுகளுக்கு அடியில் அறைக் கல்லறைகள் கட்டின. நீங்கள் படத்தில் பார்க்கும் அசரவைக்கும் நகைகளில் பெரும்பங்கு இந்தக் காலத்தவை.

அதற்குப் பிறகு கி.மு. 1ஆம் நூற்றாண்டு வரை நீளும் கட்டம். ஆடி, வாசனைக் குப்பி, ஒப்பனைப் பெட்டி ஆகியவை முன்னுக்கு வருகின்றன. பெயர் பொறித்த கல், சுடுமண் பேழைகளும் பெருகுகின்றன.

ஊரும் முக்கியம். செர்வெதெரியில் பாறையைக் குடைந்து வீடுபோலவே கல்லறை அமைத்தார்கள். கியூசியில் பிற்காலம் வரை சாம்பல் கலம் ஓங்கி நின்றது. ஒரு ஊரின் வழக்கத்தை இன்னொரு ஊருக்கு அப்படியே பொருத்த முடியாது. பிரெனெஸ்தே என்னும் இன்றைய பாலெஸ்த்ரினா விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். 1738இல் கண்டெடுத்த புகழ்பெற்ற ஃபிகொரோனி வெண்கலப் பெட்டி எட்ருஸ்கப் பொருட்களோடு வில்லா ஜூலியாவில்தான் இருக்கிறது. ஆனால் அதன் மேலுள்ள எழுத்து லத்தீன்: திந்தியா மகோல்னியா என்ற தாய் தன் மகளுக்குக் கொடுத்தது, நோவியோஸ் பிளவுத்தியோஸ் ரோமில் செய்தது என்கிறது. அது லத்தீன் பேசிய ஊரின் பொருள். பாணி எட்ருஸ்கத்தை ஒட்டியிருக்கலாம். அதைப் பெற்ற பெண் எட்ருஸ்கப் பெண் என்று சொல்ல ஆதாரம் இல்லை.

படி 2: எப்படிக் கிடைத்தது என்று கேளுங்கள்

இந்தக் கேள்வியைத் தாண்டிக்கொண்டு போகிறவர்களே அதிகம். என்னைக் கேட்டால், பாதிக் குழப்பங்கள் இங்கேயே தீர்ந்துவிடும்.

1836இல் செர்வெதெரியில் அலெஸ்ஸாந்த்ரோ ரெகொலீனி என்ற பாதிரியாரும் வின்சென்ஸோ கலாஸ்ஸி என்ற தளபதியும் சேர்ந்து ஒரு கல்லறையைத் திறந்தார்கள். ரெகொலீனி-கலாஸ்ஸி கல்லறை என்று இன்றும் அவர்கள் பெயரால் வழங்குகிறது. கி.மு. 7ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. நீண்ட வழியின் கடைக்கோடி அறையில் பொன்மார்புத் தகடு, காப்புகள், 30 சென்டிமீட்டரை ஒட்டிய பெரிய பொன் ஃபிபுலா. ஃபிபுலா என்பது போர்வையைத் தோளில் செருகி நிறுத்தும் அணி, இன்றைய ஊக்கின் பாட்டி. இந்த ஃபிபுலாவின் மேல்தகட்டில் ஐந்து சிங்கங்கள் நடக்கின்றன, கீழ்ப்பகுதியில் குட்டி வாத்துகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. நகையைப் பார்த்தார்கள், "இளவரசி" என்றார்கள். எலும்புகளை முறையாகப் பதிந்து ஆராயும் பழக்கம் அன்று இல்லை. அதே கல்லறையில் எரியூட்டிய இன்னொருவர் பக்கத்து மாடத்தில் இருந்தார், முன்னறையில் வெண்கலக் கட்டிலும் தேரும் இருந்தன. எந்தப் பொருள் யாருக்கு உரியது என்ற வாதம் இரண்டு நூற்றாண்டை நெருங்கியும் ஓயவில்லை.

வுல்ச்சியில் 1839இல் திறந்த "ஐசிஸ் கல்லறை" இன்னும் சிக்கலானது. பெண்ணின் ஜிப்சம் சிலை, வெண்கல மார்பளவு உருவம், செதுக்கிய தீக்கோழி முட்டைகள் எல்லாம் இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒன்றாக இருக்கின்றன. அத்தனையும் ஒரே கல்லறையில் கிடைத்தவைதானா என்ற ஐயம் ஆய்வாளர்களிடையே உண்டு.

பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2024 நவம்பரில் இத்தாலியக் காவல்துறை உம்ப்ரியாவின் சித்தா தெல்லா பியேவே ஊரில் கள்ளத்தனமாகத் தோண்டி எடுத்த எட்டுச் சாம்பல் பேழைகளையும் இரண்டு கற்பேழைகளையும் மீட்டதாக அறிவித்தது. கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த புல்ஃப்னா என்ற குடும்பத்தின் கல்லறை. வெண்கல ஆடிகள், எலும்புச் சீப்பு, வாசனைப் பொருளின் மிச்சம் ஒட்டியிருந்த குப்பி எல்லாம் கிடைத்தன. பொருள் திரும்பிவிட்டது. ஆனால் எது எந்தப் பேழைக்கு அருகே, எந்தப் பக்கம் திரும்பி இருந்தது என்ற தகவல் தோண்டியவனின் கடப்பாரையோடு போனது போனதுதான்.

ஆகவே குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்: முறையான அகழாய்வா, 19ஆம் நூற்றாண்டுத் தோண்டலா, கள்ளச்சந்தையா? கடைசி இரண்டில் ஒன்று என்றால், அடுத்து நீங்கள் சொல்லப்போகும் எதிலும் "இருக்கலாம்" சேரும்.

படி 3: எலும்பு முதலில், பொருள் பிறகு

2013 செப்டம்பரில் தர்க்வீனியாவில், ராணியின் மண்மேடு என்று பெயர் பெற்ற மேட்டுக்குப் பக்கத்தில், கொள்ளை போகாத ஒரு சிறு அறையைத் திறந்தார்கள். கி.மு. 7ஆம் நூற்றாண்டின் இறுதி. சுவரில் ஓர் ஆணியில் எண்ணெய்க் குப்பி ஒன்று தொங்கியபடியே இருந்தது. அகலமான கல்படுக்கையில் ஓர் எலும்புக்கூடு, அருகே ஈட்டி. எதிர்ப்பக்கக் குறுகிய படுக்கையில் எரியூட்டிய எச்சங்கள். வெண்கலத்தால் ஆன ஒரு நகைப்பெட்டியும் இருந்தது. செய்தி உலகம் சுற்றியது: ஈட்டியோடு எட்ருஸ்க இளவரசன், பக்கத்தில் அவன் மனைவி.

எலும்பியல் ஆய்வு முடிந்தபோது நிலைமை தலைகீழ். ஈட்டிக்குப் பக்கத்தில் கிடந்தவர் 35 முதல் 40 வயதுக்குள் இருந்த பெண். எரிந்த எச்சங்கள் ஆணுடையவை. அதன்பின் ஈட்டிக்கு வேறு விளக்கம் வந்தது. இருவரின் இணைப்பைக் குறிக்க வைத்தது என்றார்கள். இருக்கட்டும். ஆனால் எலும்பு ஆணுடையது என்று வந்திருந்தால் அந்த ஈட்டியை யாராவது "இணைப்பின் சின்னம்" என்று சொல்லியிருப்பார்களா? இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் கல்லறை அறிக்கையையும் படியுங்கள், நிறைய வெளிச்சம் கிடைக்கும்.

எலும்பில் எதைப் பார்க்கிறார்கள்? முதலாவது இடுப்பெலும்பு. அடுத்தது மண்டையோட்டின் புருவமேடு, காதுக்குப் பின்னுள்ள முகடு போன்றவை. இப்போது பழங்கால மரபணுவும் பல்லெனாமலில் தங்கும் புரதமும் உதவுகின்றன. எரியூட்டிய எலும்பு வெடித்துச் சுருங்கிவிடுவதால் அதில் பாலினம் சொல்வது மிகக் கடினம். வில்லனோவ காலக் கல்லறைகளில் முக்கால்வாசி எரியூட்டியவை என்பதை நினைத்துப் பாருங்கள். அந்தக் காலத்து "பெண் கல்லறை" என்ற அடையாளம் பெரும்பாலும் பொருளை வைத்தே வந்தது. பொருளை வைத்துப் பெண் என்று முடிவு செய்து, பிறகு பெண் கல்லறையில் இந்தப் பொருட்கள் இருந்தன என்று பட்டியலிட்டால், வாதம் தன் வாலைத் தானே கடித்துக்கொள்கிறது. அறிக்கையில் எலும்பு ஆய்வு இருக்கிறதா என்பதைத் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 4: பெயர் இருக்கிறதா?

இருந்தால் பெரிய அதிர்ஷ்டம். ரோமானியப் பெண்களை அவர்கள் குலப்பெயரின் பெண்பால் வடிவத்தால் அழைத்தார்கள். எட்ருஸ்கப் பெண்களுக்குச் சொந்தப் பெயரே இருந்தது: ரம்தா, தானா, லார்த்தி, வேலியா, தங்க்வில், ஃபஸ்தி. கூடவே குலப்பெயர், சில நேரம் தாயின் குலமும் சேர்ந்து வரும்.

புதியவர்களுக்கு ஆறு சொற்கள் போதும். "மி" என்றால் நான். பொருளே பேசுவதாக எழுதுவது அவர்கள் வழக்கம். "அதி" தாய். "புயா" மனைவி. "செக்" மகள். "அவில்" ஆண்டு. "லுபு" இறப்பைச் சொல்வது. இவற்றை வைத்துக்கொண்டே பேழை எழுத்துகள் பலவற்றின் எலும்புக்கூட்டைப் பிடித்துவிடலாம்.

ஒரு பொறியும் உண்டு. ரெகொலீனி-கலாஸ்ஸி வெள்ளிக் கிண்ணங்களில் "லார்த்தியா" என்றும் "மி லார்த்தியா" என்றும் எழுதியிருக்கிறது. உடனே "இளவரசி லார்த்தியா" பிறந்துவிட்டாள். ஆனால் பழைய எட்ருஸ்கத்தில் லார்த் என்ற ஆண்பெயரின் உடைமை வடிவமும் லார்த்தியாதான்: "நான் லார்த்தினுடையது." இன்றும் சுற்றுலாப் பக்கங்களில் இளவரசி உலா வருகிறாள்.

எழுத்து இல்லாத இடத்தில் கல்லறை அமைப்பு பேசும். செர்வெதெரியில் வாசலில் நட்ட கற்களைப் பாருங்கள்: தூண் வடிவக் கல் ஆணுக்கு, குட்டி வீட்டு வடிவக் கல் பெண்ணுக்கு. உள்ளே பாறையில் செதுக்கிய படுக்கைகளிலும் இதே வேறுபாடு பொதுவாக உண்டு. கால் செதுக்கிய கட்டில் ஆணுக்கு. முக்கோண முகப்போடு வீட்டுக் கூரை போன்ற ஓரம் வைத்த படுக்கை பெண்ணுக்கு. இது செர்வெதெரியின் வழக்கம் என்பதை மறக்க வேண்டாம்.

படி 5: இப்போது பொருட்களுக்கு வாருங்கள்

பொருட்களைத் தனித்தனியாகப் பார்க்காமல் கூட்டமாகப் பாருங்கள். ஒரு தக்களி மட்டும் எதையும் நிரூபிக்காது. தக்களி, நூல் உருளை, பெண்கள் அணியும் வடிவ ஃபிபுலா, கூந்தல் சுருள் நான்கும் சேர்ந்து வந்தால் பேச்சு மாறும்.

*நூல், தறிச் சாமான்கள்.* வில்லனோவ காலம் முதலே பெண்களோடு தொடர்பு வலுவாக உள்ள கூட்டம் இதுதான். சுடுமண் தக்களி வட்டுகள், இரண்டு முனையும் அகன்ற சிறு உருளைகள், கம்பளி சுற்றும் கோல், பாவு நூலை இழுத்து நிறுத்தும் மண் எடைகள். தக்களியின் எடையை அறிக்கையில் தேடுங்கள். வட்டு இலேசாக இருந்தால் நூல் மெல்லியது; மெல்லிய நூல் என்றால் தேர்ந்த கை. வசதியான கல்லறைகளில் வெண்கலக் கோலும், அம்பரும் கண்ணாடியும் கோத்த கோலும் வருகின்றன. அவற்றில் தினமும் கம்பளி சுற்றியிருக்க முடியாது. நூற்பும் நெசவும் அந்த வீட்டில் யார் ஆளுகையில் இருந்தன என்று காட்டவே அவை வந்திருக்க வேண்டும்.

இதை நம்பவைக்கும் ஒரு பொருள் பொலோன்யா நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. "பொன் கல்லறை" என்ற பெயருள்ள கல்லறையில் கிடைத்த, மணி வடிவிலான வெண்கலத் தகடு, கி.மு. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. அதன் இரு பக்கமும் புடைப்புச் சித்திரம்: கோலில் கம்பளி சுற்றுகிறார்கள், நூற்கிறார்கள், பாவு கட்டுகிறார்கள், உயரமான தறி முன்னால் அமர்ந்து நெய்கிறார்கள். பெண்கள் அமர்ந்திருக்கும் இருக்கைகளைக் கவனியுங்கள்; வளைந்த முதுகு வைத்த, பெரிய மனிதர்களுக்குரிய நாற்காலிகள். கூலிக்கு நூற்பவர்களை அப்படி வரைந்திருக்க மாட்டார்கள். ரோமர்களின் கதையில் வரும் தனகுவில் ராணியும் எட்ருஸ்கப் பெண்தான். அவள் நூற்ற கம்பளியும் தக்களியும் ரோமில் சாங்குஸ் என்ற தெய்வத்தின் கோயிலில் பாதுகாப்பாக இருந்தன என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி குறிப்பிடுகிறார்.

சரி, நெசவு என்றால் பெண் என்று எழுதிவிடலாமா? வடக்கு இத்தாலியில் உள்ள வெருக்கியோவின் 89ஆம் எண் கல்லறையில் கிடைத்த மரச் சிம்மாசனத்தின் முதுகுப் பலகை முழுக்க நெசவுக் காட்சிகள். கூடவே கிடைத்தவை ஆயுதங்கள். கல்லறை ஆணுடையது என்கிறார்கள். பட்டியலை வைத்துக்கொண்டு டிக் அடிக்கிற பழக்கத்துக்கு அந்தச் சிம்மாசனம் நல்ல மருந்து.

*ஃபிபுலாவும் பொன்னும்.* வில்லனோவ காலத்தில் ஃபிபுலாவின் வடிவமே ஆண் பெண் வேறுபாட்டைச் சொல்லும். வில் தடித்து, அட்டை இரத்தம் குடித்து உப்பியதுபோல் இருப்பதும், படகு வடிவில் உள்ளீடற்று இருப்பதும் பெண்களுடையவை. பாம்புபோல் வளைந்து நெளிந்தது ஆண்களுடையது. எலும்பு ஆய்வோடு ஒப்பிட்ட இடங்களில் இது பெருமளவு ஒத்துவருகிறது. எண்ணிக்கையையும் பாருங்கள்: ஒருவர் மேல் பல ஃபிபுலாக்கள் இருந்தால், உடலில் செருகியவை எத்தனை, மேலே பரப்பியவை எத்தனை என்பது அறிக்கையில் இருக்க வேண்டும்.

பொன் வேலையில் எட்ருஸ்கர்களின் பெயர் சொல்வது நுண்மணி வேலை. கடுகைவிடப் பலமடங்கு சிறிய பொன்மணிகளைத் தகட்டின் மேல் வரிசையாகப் பதிப்பார்கள். வழக்கமான பற்றாசு போட்டால் மணிகளுக்கு இடையே அது வழிந்து உருவம் கெட்டுவிடும். செம்பு உப்பைப் பசையோடு கலந்து மணிகளை ஒட்டிச் சூடாக்கினால், பசை கரியாகி, செம்பு பிரிந்து, மணி தொடும் புள்ளியில் மட்டும் பொன்னோடு கலந்து பிடித்துக்கொள்ளும். 19ஆம் நூற்றாண்டில் ரோமின் கஸ்தெல்லானி நகைக்குடும்பம் இந்த வேலையை மீட்கப் பெரும்பாடு பட்டது. படத்தைப் பெரிதாக்கி, மணிகளின் இடைவெளி சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல வேலையில் ஒவ்வொரு மணியும் தனியாக நிற்கும்.

*ஆடி.* மூவாயிரத்துக்கும் மேற்பட்ட எட்ருஸ்க வெண்கல ஆடிகள் கிடைத்திருக்கின்றன. முகம் பார்க்கும் பக்கம் சற்றே குவிந்து, மெருகேறி இருக்கும். பின்பக்கம் செதுக்குச் சித்திரம், கி.மு. 6ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கிய வழக்கம். காதல் தெய்வம் துரான், மெந்ர்வா, சிறகு முளைத்த லாசா, அலங்கரித்துக்கொள்ளும் மணப்பெண் எல்லாம் வருவார்கள். பல ஆடிகளில் ஒவ்வோர் உருவத்துக்கும் அருகே பெயர் பொறித்திருக்கும். வைத்திருந்தவர்களுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று பலர் கருதுவதற்கு இது ஒரு காரணம். ஆடி பெரும்பாலும் பெண் கல்லறைப் பொருள்தான், ஆனால் ஆண் கல்லறையிலும் அரிதாக வருகிறது.

*ஒப்பனைப் பெட்டி.* ஒரே ஒரு பெட்டியை நிதானமாகப் பார்க்கலாம். கியூசிக்கு அருகே 1970இல் கண்டெடுத்த, கி.மு. 2ஆம் நூற்றாண்டின் பிற்பாதியைச் சேர்ந்த கல்லறை. உரியவரின் பெயர் தெரியும்: தானா பிளெகூனியா உம்ரனலிசா. பெட்டிக்குள் மோதிரங்கள், முடி பிடுங்கும் சாமணம், இரண்டு சீப்புகள், எகிப்திய வடிவில் அலபாஸ்டர் கல்லால் ஆன சின்னக் குப்பி. குப்பிக்குள் களிம்பு அப்படியே இறுகிப்போய் இருந்தது. 2009இல் வெளியான வேதியியல் ஆய்வில் அது தாவர எண்ணெயோடு பைன் பிசினும் மஸ்திக் பிசினும் கலந்தது என்று தெரிந்தது. எண்ணெய் முருங்கை இனத்து விதையிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். அந்த மரம் இத்தாலியில் வளர்வதில்லை. குப்பியும் களிம்பும் சேர்ந்தே கடல் கடந்து வந்திருக்கலாம். பெயர், பெட்டி, உள்ளடக்கம், வேதியியல் நான்கும் ஒரே இடத்தில் கிடைப்பது அபூர்வம். புதியவர்கள் தங்கள் முதல் பயிற்சிக்கு இந்தப் பெட்டியை எடுத்துக்கொள்ளலாம்.

*விருந்துச் சாமான்கள்.* இதைப் பெண் கல்லறைக் கட்டுரைகளில் பலர் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். புக்கெரோ என்ற, உள்ளும் புறமும் கருத்து மினுங்கும் மட்கலங்கள் கி.மு. 7ஆம் நூற்றாண்டில் செர்வெதெரியில் பிறந்தவை. அதில் செய்த இரட்டைக் கைப்பிடி மதுக்கோப்பைகளும் அகப்பைகளும் பெண்களின் கல்லறைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. இறைச்சி வாட்டும் இரும்புக் கம்பிகளும் உண்டு. செர்வெதெரியின் சுடுமண் தம்பதிப் பேழையில், கி.மு. 520 வாக்கில், மனைவி கணவனோடு ஒரே மஞ்சத்தில் சாய்ந்திருக்கிறாள். விருந்தை நடத்துபவளாகவும் அவளைப் பார்க்க இந்தக் கலங்கள் இடம் கொடுக்கின்றன.

குதிரைக் கடிவாளமும் தேர்ப் பாகங்களும் பெண்களோடு கிடைத்த இடங்களும் இருக்கின்றன. போருக்கென்று உடனே எழுதிவிடாதீர்கள். ஊர்வலத்துக்கும் பயணத்துக்கும் வண்டி வேண்டும்.

*தூரத்துப் பொருட்கள்.* தர்க்வீனியாவின் பொக்கோரிஸ் கல்லறை, 1895இல் திறந்தது, பெண்ணுடையது என்று கருதப்படுகிறது. அதில் எகிப்திய மன்னன் பாக்கென்ரனெஃப்பின் பெயர் பொறித்த பளிங்குப்பூச்சுக் குடுவை இருந்தது. அவன் ஆண்டது கி.மு. 720ஐ ஒட்டிய சில ஆண்டுகள். ஆகவே கல்லறை அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. ஆனால் "கல்லறையும் கி.மு. 720" என்று எழுதினால் தவறு, குடுவை எத்தனை கை மாறி வந்ததோ. தீக்கோழி முட்டைகளையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். 2020இல் வெளியான ஓர் ஆய்வு, ஓட்டில் உள்ள ஐசோடோப்புகளைக் கொண்டு, முட்டைகள் காட்டுப் பறவைகளுடையவை என்றும், பல்வேறு நிலப்பகுதிகளிலிருந்து வந்தவை என்றும் காட்டியது. ஓரிடத்தில் எடுத்து, இன்னோரிடத்தில் செதுக்கி, மூன்றாமிடத்தில் புதைத்திருக்கலாம்.

*பல்.* எலும்பு அறிக்கையில் தாடைப் பகுதியைத் தவறவிடாதீர்கள். மெல்லிய பொன்பட்டையால் முன்பற்களை வளைத்து, இடையில் மாற்றுப்பல் பொருத்திய அமைப்புகள் இருபது அளவில் தெரியவந்திருக்கின்றன. ஆய்ந்தவற்றில் பெண்களுடையவையே மிகுதி. மெல்லுவதற்கு அவை பெரிதாக உதவியிருக்காது. சிரித்தால் பொன் தெரியும், அவ்வளவுதான்.

படி 6: வாழ்ந்தபோது பயன்பட்டதா, புதைக்கவே செய்ததா?

ஆடிகளிலும் வெண்கலப் பாத்திரங்களிலும் "சுதினா" என்ற சொல் கீறியிருக்கிறதா என்று பாருங்கள். கல்லறைக்கு உரியது என்று பொருள். ஒர்வியேத்தோ, பொல்செனா வட்டாரத்தில் அதிகம். சில ஆடிகளில் முகம் பார்க்கும் மெருகுப் பக்கத்தின் நடுவிலேயே பெரிதாகக் கீறியிருக்கிறார்கள். இனி உயிருள்ளவர் யாரும் அதில் முகம் பார்க்க முடியாது. திருடினாலும் எதற்கும் உதவாது.

கீறல் இல்லாத பொருளில் தேய்மானத்தைத் தேடுங்கள். ஊசிமுனை மழுங்கியிருக்கிறதா, கைப்பிடி வழவழப்பாகியிருக்கிறதா, உடைந்து ஒட்டிய தடம் இருக்கிறதா? தகடு மிக மெல்லியதாக இருந்து, தேய்மானம் அறவே இல்லையென்றால் ஈமச்சடங்குக்காகவே செய்திருக்கலாம். ரெகொலீனி-கலாஸ்ஸி ஃபிபுலாவை எந்தப் பெண்ணும் செருகிக்கொண்டு சந்தைக்குப் போயிருக்க மாட்டாள் என்று எனக்குத் தோன்றுகிறது.

சில கல்லறைகளில் பொருளே வைக்காமல் அதன் உருவத்தைச் சுவரில் செய்துவிட்டார்கள். செர்வெதெரியில் மத்துனாஸ் குடும்பத்தின் புடைப்புச் சிற்பக் கல்லறைக்குள், கி.மு. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில், தூண்களிலும் சுவர்களிலும் கத்தி, கோடரி, அகப்பை, விசிறி எல்லாம் சுதையில் வண்ணத்தோடு இருக்கின்றன. தலைமாடத்தின் அருகே மூடிய பெட்டி, அதன் மேல் மடித்து வைத்த துணிப்புத்தகம், காலடியில் ஒரு ஜோடிச் செருப்பு. அச்சு அசல் வீட்டுப் படுக்கையறை.

படி 7: ஒரு குறிப்பட்டை எழுதிப் பாருங்கள்

படித்ததை உறுதிப்படுத்த இதுவே வழி. பிரிட்டிஷ் மியூசியத்தின் செயாந்தி பேழையை எடுத்துக்கொள்வோம்.

இடம், காலம்: கியூசிக்கு அருகே பொஜ்ஜோ கந்தரெல்லோ, கி.மு. 2ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி.
கிடைத்த விதம்: 1886இல் திறந்த கல்லறை. எலும்புகளைப் பேழையோடு சேர்த்தே வாங்கினார்கள், அதுவே பெரிய நல்லூழ்.
பெயர்: செயாந்தி ஹனூனியா த்லெஸ்னாசா, பேழையின் அடியில் பொறித்தது.
எலும்பு: பெண், 50 முதல் 55 வயது. இளமையில் பட்ட பலத்த அடியின் தடயங்கள். குதிரையிலிருந்து விழுந்திருக்கலாம் என்று ஆய்ந்தவர்கள் கருதினார்கள்.
உருவம்: மூடியில் சாய்ந்திருக்கும் பெண், ஒரு கையில் ஆடி, மறுகையால் முக்காட்டை விலக்குகிறாள். காப்பு, மோதிரம், கழுத்தணி, தோடு.
உடன் கிடைத்தவை: சுவரில் மாட்டிய சிறு வெள்ளிச் சாமான்கள், குளித்தபின் உடலை வழிக்கும் வளைந்த கருவி உட்பட.

இப்போது வரிகளை எதிரெதிரே வையுங்கள். மூடியின் மேல் இருப்பவள் இளமை மாறாதவள், உள்ளே இருப்பவர் ஐம்பது தாண்டி, மூட்டுவலியோடு வாழ்ந்தவர். கையிலுள்ள ஆடி மண்ணால் செய்தது, நகைகளும் வண்ணம் தீட்டியவை. உருவத்தைச் செய்தவர் வீட்டார் கேட்டபடி செய்தார். உறவினர் எப்படி நினைவில் வைக்க விரும்பினார்கள் என்பதை மூடி சொல்கிறது. எப்படி வாழ்ந்தார் என்பதை எலும்பு சொல்கிறது. அட்டையில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் போடுங்கள், ஒன்றில் மற்றொன்றைக் கலக்க வேண்டாம்.

அடுத்து எங்கே போவது

நேரில் போக வாய்ப்புள்ளவர்களுக்கு வரிசை: முதலில் செர்வெதெரியின் பந்திதாச்சா கல்லறைத் தொகுதி, பிறகு தர்க்வீனியாவின் மொன்தெரோத்ஸி. இரண்டும் 2004 முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருப்பவை. காலி அறைகளை முதலில் பார்த்துவிட்டு, பிறகு வில்லா ஜூலியாவுக்கும் வத்திக்கானுக்கும் போனால், பொருளை அறைக்குள் திரும்ப வைத்துப் பார்க்க மனம் பழகும். தலைகீழாகப் போனால் நகைதான் நினைவில் நிற்கும். போக முடியாதவர்கள் பிரிட்டிஷ் மியூசியத்தின் இணையத் தொகுப்பில் தொடங்கலாம். ஒவ்வொரு பொருளுக்கும் கிடைத்த இடமும் வந்த வழியும் கொடுத்திருக்கிறார்கள். அந்த இரண்டு வரியை முதலில் படியுங்கள், படத்தை அப்புறம் பெரிதாக்கலாம்.

புதுக் கல்லறை ஒன்றைத் தொடக்கத்திலிருந்தே பின்தொடர விரும்பினால், பார்பரானோ ரோமானோ அருகே சான் ஜூலியானோவைப் பாருங்கள். 2025இல் அங்கே கொள்ளை போகாத ஓர் அறை திறந்தார்கள். கி.மு. 7ஆம் நூற்றாண்டு, கல்படுக்கைகளில் நால்வர், அவர்களைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட பொருட்கள். இரண்டு ஆண்-பெண் இணைகளாக இருக்கலாம் என்பது முதற்கட்டக் கருத்து. இப்போதே நான்கு அட்டை போட்டு, பாலினக் கட்டத்தைப் பென்சிலில் நிரப்பி வையுங்கள். எலும்பு அறிக்கை வந்தபின் பேனாவால் எழுதலாம்.